லெயோன் சின்னக்கண்ணு: நேரலை

ஒரு மனிதர் உயிரோடு நின்று மைக்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் படத்துக்கு மாலை போட்டு உலகத்துக்குக் காட்டிய பெருமை எங்கள் தேவாலயப் பங்குக்குத்தான் உண்டு. யாராவது இதைச் சொல்லிச் சிரித்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அதையே சாக்காக வைத்து, "கோவிலுக்கு இந்த நேரலையெல்லாம் தேவையா?" என்று ஆரம்பித்தால் மட்டும் விடமாட்டேன். உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவேன்.

என் பெயர் சுடர்விழி. வாரத்தில் ஆறு நாள் தட்டாஞ்சாவடியில் ஒரு அச்சகத்தில் மருந்துப் பெட்டிகளுக்கு டிசைன் போடுகிறேன். ஏழாவது நாள் ஆண்டவருடையது. அவருக்காக நான் பாடுவதில்லை, பாடினால் அவருக்கே தாங்காது. கேமரா பிடிக்கிறேன். எங்கள் கோவிலின் யூடியூப் சேனல், வாட்ஸ்அப் குழு, பூசையில் இன்னாருக்காக வேண்டச் சொல்லி அனுப்பும் கருத்துகள் வந்து சேரும் போன் எல்லாம் என் பொறுப்பு. ஆரம்பித்தபோது "பூசையை சினிமா ஆக்குறா" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை நேரலை கொஞ்சம் தாமதமானால் போதும், கதிர்காமம் ஆஸ்பத்திரி வார்டிலிருந்தும் பாரிசிலிருந்தும் ஒரே நேரத்தில் என் உயிரை எடுக்கிறார்கள். சொன்னவர்களே இப்போது "இன்னும் ஆரம்பிக்கலியாம்மா?" என்கிறார்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம், மறைக்கவில்லை.

லெயோன் சின்னக்கண்ணு அண்ணன் மட்டும் கடைசிவரை மாறாத கட்சி. பஞ்சாலையில் வேலை பார்த்து, ஆலை மூடியதும் ஒரு தங்கும் விடுதியில் செக்யூரிட்டியாக இருந்து, இப்போது ஓய்வில் இருப்பவர். பூசைக்கு முன்னால் அன்றைய கருத்துகளை வாசிப்பது அவர்தான். யார் நலம் பெற வேண்டும், யாருடைய ஆன்மா இளைப்பாற வேண்டும் என்பதை அவர் குரலில் கேட்டால்தான் எங்கள் சனங்களுக்குப் பூசை பார்த்த மாதிரி இருக்கும். அப்படி ஒரு குரல். ஆனால் கேமரா இருக்கும் பக்கம் மட்டும் திரும்பமாட்டார். உடம்பைக் கொஞ்சம் சாய்த்து நின்றுதான் வாசிப்பார். இரண்டு வருஷமாக எங்கள் சேனலைப் பார்க்கிற உலகம் லெயோன் அண்ணனின் இடது காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

காரணம் எல்லாருக்கும் தெரியும். அவர் மனைவி மதலேன் அக்கா இறந்தபோது ஒரே மகன் நிலவன் பிரான்சிலிருந்து வரவில்லை. அங்கே ஒரு ஓட்டலில் சமையல் வேலை. தங்குவதற்கான பேப்பர் சரியாகவில்லை, வந்தால் திரும்பப் போகமுடியாது என்றான். அடக்கத்தை நான் நேரலை போட்டேன், அவன் அங்கிருந்து பார்த்தான். கல்லறையிலிருந்து வீட்டுக்கு வந்த லெயோன் அண்ணன் அவனுக்குப் போன் போட்டு, பெற்றவளுக்கு ஒரு பிடி மண்ணுகூடப் போட வராதவன் இனி எனக்குப் போன் பண்ணவேண்டாம் என்று சொல்லிவிட்டார். உறவுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அவர் போனை ஆளுக்கு ஆள் வாங்கி அந்தப் பையனைத் திட்டித் தீர்த்தார்கள். அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கேமராவையும் அவர் அன்றிலிருந்துதான் வெறுத்தார். படம் பிடித்து அனுப்ப நான் ஒருத்தி இருந்ததால்தான் மகன் வராமல் இருந்துவிட்டான் என்பது அவர் எண்ணம். என்னிடமே சொல்லியிருக்கிறார். நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொன்னேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

இறந்தவர்களுக்கான கருத்து வாசிக்கும்போது அவர்கள் படம் நேரலையில் வந்தால் நன்றாக இருக்கும் என்பது என் யோசனை. வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு அது ஆறுதல். பெயரை அடித்தால் போதும், பங்கின் குடும்பப் பதிவிலிருக்கும் படத்தைக் கம்ப்யூட்டரே தேடி எடுத்து, சம்பங்கி மாலையும் மெழுகுவர்த்தியும் உள்ள சட்டத்துக்குள் வைத்துவிடும். பல மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று லெயோன் அண்ணனின் தங்கை வில்லியனூரிலிருந்து ஒரு கருத்து அனுப்பியிருந்தார். அவர்களுடைய தாத்தாவின் நினைவு நாள். எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது வழக்கம். தாத்தாவும் லெயோன் சின்னக்கண்ணு, பேரனும் லெயோன் சின்னக்கண்ணு. தங்கை தாத்தா என்று குறிப்பிடவில்லை, பெயரை மட்டும் அனுப்பினார். சொந்தத் தாத்தா யாரென்று அண்ணனுக்குத் தெரியாதா என்ன? நியாயம்தான். அண்ணனுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தாத்தா செத்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவருக்கு ஏது படம்? பதிவிலிருந்த ஒரே லெயோன் சின்னக்கண்ணுவை அது எடுத்து மாலை போட்டுவிட்டது.

நான் அந்த நேரம் மேலே பாடகர் குழுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தபேலாக்காரர் மைக் வயரை மிதித்துப் பிடுங்கிவிட்டார். கீழே லெயோன் அண்ணன் தாத்தாவை நினைத்து, வழக்கத்தைவிட உருக்கமாக, "லெயோன் சின்னக்கண்ணு ஆன்மா இளைப்பாற" என்று வாசிக்கிறார். திரையில் அவரே வழுக்கைத் தலையோடு மாலைக்குள் சிரிக்கிறார். நான் இறங்கி வந்து பார்த்தபோது சாட் முழுக்க 'RIP'. கைகூப்பிய பொம்மைகள் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன.

படத்தை உடனே எடுத்தேன். "தவறுதலான படம், லெயோன் அண்ணன் நலமாக இருக்கிறார்" என்று எல்லாருக்கும் மேலே தெரிகிற மாதிரி ஒட்டியும் வைத்தேன். யார் படிக்கிறார்கள்? அதற்குள் யாரோ அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பிவிட்டார்கள். அது குழு குழுவாகத் தாவி, பூசை முடிவதற்குள் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தது. அங்கே சனங்கள் தூங்கி எழுந்து போனைத் திறந்ததும் முதல் செய்தி அதுதான். திருத்தம் மட்டும் எங்கள் சேனலைத் தாண்டி எங்கேயும் போகவில்லை. சாவுச் செய்திக்கு இருக்கிற கால் திருத்தத்துக்குக் கிடையாது.

பூசை முடிந்து லெயோன் அண்ணன் தேங்காய்த்திட்டுக்கு மீன் வாங்கக் கிளம்பியபோது அவர் போன் அடித்தது. பாரிஸ் பக்கம் சார்செல்லில் இருக்கும் அவருடைய சித்தி மகள். "அலோ, லெயோன் பேசறேன்" என்றார். அந்தப் பக்கம் ஒரு அலறல், அப்புறம் போன் கீழே விழுந்த சத்தம். அடுத்தது இன்னொருவர். பாவம், அவர் யாரிடம் துக்கம் கேட்பது என்று தெரியாமல் செத்தவரிடமே, "எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்டார்.

அரை மணி நேரம் கழித்து மீன் பை இல்லாமல் கோவிலுக்குத் திரும்பி வந்தார்.

"ஏம்மா சுடரு, நான் எப்பம்மா செத்தேன்? முன்னாடியே சொல்லியிருந்தா சவரமாவது பண்ணிக்கினு வந்திருப்பேனே."

"அண்ணே, பேரு ஒண்ணா போச்சு. தாத்தாவுக்குப் போட வேண்டிய மாலை உங்களுக்கு விழுந்துடுச்சு. எல்லாருக்கும் மெசேஜ் போட்டுக்கினுதான் இருக்கேன்."

"உன் டப்பாவால எத்தினி பேரு அழுவுறாங்க தெரியுமா?"

"உங்களுக்காக இத்தினி பேரு அழுவுறாங்கன்னு அந்த டப்பாவாலதான உங்களுக்கே தெரிஞ்சுது?"

வாய் என்னுடையது, நான் என்ன செய்ய? ஆனால் அவர் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சொந்தக்காரங்க எல்லாரும் பண்ணிட்டாங்க" என்றார். எல்லாரும் என்பதில் யார் இல்லை என்று எனக்கும் தெரியும். அவன் எண்ணை அவரே தடுத்து வைத்திருக்கிறார், அவன் எப்படிக் கூப்பிடுவான்? அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவு நேரம் எதிர்த்துப் பேசிய நான், அவர் அந்தப் போனை மடியில் கவிழ்த்து வைத்ததைப் பார்த்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் கோவில் போன் அடித்தது. பிரான்ஸ் எண்.

"அக்கா, வணக்கம். நான் விக்ரம். முதலியார்பேட்டை. நிலவனும் நானும் ஒரே ரூம்ல இருக்கோம், ஒரே ஓட்டல்ல வேலை. அடக்கம் எப்பக்கா?"

"யாருக்கும் அடக்கம் இல்ல தம்பி. அவரு எம் பக்கத்துலதான் உக்காந்துட்டு இருக்காரு."

"ஐயோ அக்கா" என்றான். "அவன் கெளம்பிட்டான்க்கா. ஏர்போர்ட்டுக்கு. டிக்கெட் எடுத்துட்டான்."

நான் ஸ்பீக்கரில் போட்டேன். லெயோன் அண்ணன் எழுந்து நின்றார்.

விக்ரம் அழாத குறையாகச் சொன்னான். ஏழு வருஷம் அலைந்து நிலவனுக்கு அங்கே தங்குவதற்கான முதல் கார்டு அடுத்த மாதம் கைக்கு வரப்போகிறது. அது வருவதற்கு முன்னால் நாட்டை விட்டு வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். ஏழு வருஷமும் போச்சு, வேலையும் போச்சு. இது எல்லாம் தெரிந்துதான் போகிறான்.

"நான் கையப் புடிச்சித் தடுத்தேன்க்கா. 'எங்கம்மாவுக்கும் போவல, எங்கப்பாவுக்கும் போவலன்னா நான் எதுக்குடா இருக்கேன்'னு சொல்லிட்டுப் போயிட்டான்."

"போன் போடுய்யா அவனுக்கு!" என்று லெயோன் அண்ணன் கோவில் போனைப் பார்த்துக் கத்தினார்.

"போட்டுக்கிட்டேதான் இருக்கேன் பெரியப்பா, எடுக்கல. மெசேஜும் பாக்கல. துக்கம் கேக்கறவங்க பேச்சக் கேக்க முடியாதுன்னு யாரு போனையும் எடுக்க மாட்டேங்குறான்."

லெயோன் அண்ணன் தன் போனை எடுத்தார். தடுத்து வைத்திருந்ததை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் வாங்கி எடுத்துவிட்டு, அழைத்துக் கொடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தோம். மறுபடியும் அதே.

"எடுக்க மாட்டான் பெரியப்பா" என்றான் விக்ரம், தயங்கிக்கொண்டே. "அம்மா சாவுக்கு உங்க போன்ல இருந்துதான் எல்லாரும் கூப்ட்டுத் திட்டினாங்க. இப்பவும் அவங்கதான்னு நெனச்சிருப்பான்."

லெயோன் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தத் திட்டை முதலில் ஆரம்பித்தது யார் என்று அவருக்குத் தெரியாதா?

"அவன் எப்பவும் உங்க சேனல்லதான் இருப்பான்க்கா" என்றான் விக்ரம். "மணி அடிக்கிற மாதிரி வச்சிருக்கான். நீங்க நேரலை போட்டா அவன் போன்ல சத்தம் வரும், வந்ததும் தொறந்துடுவான். ஞாயித்துக்கெழம பூசை மொத்தமும் பாப்பான், இன்னைக்குத்தான் ராத்திரி வேலை முடிஞ்சி வந்து தூங்கிட்டான். அப்பா காது மட்டும்தான் தெரியுதுன்னு சொல்லிச் சிரிப்பான்." கொஞ்சம் நிறுத்தினான். "அம்மா அடக்கத்தையும் இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கான். அன்னிக்கு ஓட்டல்ல லீவு தரல. பின்னாடி ஸ்டோர் ரூம்ல உருளக்கெழங்கு மூட்டை மேல போனை வச்சி, புதுச் சட்டை போட்டுக்கிட்டு, பூசை முடியற வரைக்கும் முட்டி போட்டுட்டு இருந்தான். நீங்க எல்லாரும் மண்ணு போட்டீங்க இல்ல? அவன் வெளிய ஓடிப்போய் வாசல்ல இருந்த பூந்தொட்டில ஒரு பிடி மண்ணு எடுத்தான் பெரியப்பா. எடுத்துட்டு அப்படியே நிக்கிறான். எங்க போடறதுன்னு அவனுக்குத் தெரியல. அந்த மண்ண ஒரு கவர்ல போட்டு இன்னும் வச்சிருக்கான். இன்னைக்குப் பையில மொத மொதல்ல அதத்தான் எடுத்து வச்சான்."

நான் அழுதேன். எனக்கு அழுவதில் வெட்கம் எதுவும் இல்லை. லெயோன் அண்ணன் அழவில்லை. என்னைப் பார்த்து, "உன் டப்பாவ ஏத்தும்மா" என்றார்.

கேமராவை ஏற்றுவதற்குள் ஃபாதர் இஞ்ஞாசி மதியத் தூக்கம் கலைந்து வந்துவிட்டார். எங்கள் பங்குத்தந்தை, நல்லவர், ஆனால் எதையும் ஒருமுறை யோசித்துவிட்டு, இன்னொருமுறை யோசித்துவிட்டு, அப்புறம் மேலிடத்தில் மேற்றிராணியாரைக் கேட்கலாம் என்பவர். விஷயத்தைச் சொன்னேன்.

"நேரலை போடலாம். ஆனா தலைப்பு என்னம்மா வைப்ப?"

"அடக்கம்னு வச்சாதான் சாமி ஒடனே தொறப்பான்."

"கோவில் சேனல்ல பொய்யா? காலையில தெரியாம போட்டதுக்கே இந்தப் பாடு. தெரிஞ்சே போடுவியா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்தால் ஒத்துக்கொள்கிற ஆள்தான் நான், கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அன்று நேரம் இல்லாததால் உடனே ஒத்துக்கொண்டேன். தலைப்பில் "லெயோன் சின்னக்கண்ணு: நேரலை" என்று மட்டும் அடித்தேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தகப்பன் பெயரைப் பார்த்துவிட்டுத் திறக்காமல் போகிறவன் இல்லை அவன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

"பாஸ்போர்ட்ல முத்திரை குத்தி உள்ள போயிட்டா முடிஞ்சுதுக்கா, சீக்கிரம்" என்று விக்ரம் போனிலேயே இருந்தான்.

லெயோன் அண்ணன் வாசக மேடையில் போய் நின்றார். பழக்க தோஷம், உடம்பு தானாகச் சாய்ந்தது. "நேரா பாருங்கண்ணே" என்றேன். திரும்பினார். இந்த இரண்டு வருஷத்தில் அந்த முகம் என் கேமராவுக்கு நேராகத் திரும்பியது அப்போதுதான். மதலேன் அக்கா போன பிறகு மனிதர் எவ்வளவு கிழடாகிவிட்டார் என்பதை, வாராவாரம் நேரில் பார்த்த எனக்கு அந்தச் சின்னத் திரைதான் காட்டியது.

நேரலையைத் தட்டினேன். கையைக் காட்டினேன்.

"அன்பான இறைமக்களே" என்று ஆரம்பித்தார். பாவம், மைக் என்றால் வாயில் அதுதான் வரும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நிலவா. டேய். அப்பா பேசறேன்டா. நான் சாவல. நல்லாத்தான் இருக்கேன். படம் மாறிப்போச்சு. தாத்தா பேரும் எம் பேரும் ஒண்ணு, உனக்குத்தான் தெரியுமே. பிளேன் ஏறாத. உள்ள போவாத. கேக்குதா?"

சாட்டில் வரிசையாக வந்தது. 'ஆழ்ந்த இரங்கல்.' 'அண்ணனின் ஆன்மா இளைப்பாறட்டும்.' அவர் நின்று பேசுகிறார், கீழே இரங்கல் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் சனங்கள் ஒலியை நிறுத்திவிட்டுத்தான் நேரலை பார்ப்பார்கள். அவ்வளவு கலவரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஃபாதர் இஞ்ஞாசி என் கம்ப்யூட்டருக்கு மேல் குனிந்து, ஒவ்வொரு பெயராகத் தேடிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டானாம்மா?"

"இன்னும் வரல. நீங்க பேசுங்கண்ணே, நிறுத்தாதீங்க."

"இன்னா பேசறது?" என்றார் என்னைப் பார்த்து. பிறகு கேமராவைப் பார்த்தார். "டேய், விக்ரம் எல்லாம் சொன்னான். மூட்ட மேல போனை வச்சிக்கினு முட்டி போட்டத சொன்னான். மண்ணு எடுத்தத சொன்னான். எனக்குத் தெரியாதுடா. நீ படுத்துக்கினு சினிமா பாக்குற மாரி பாத்திருப்பேன்னு நெனச்சேன். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த மண்ண இம்மாந்தூரம் தூக்கிக்கினு வர வேணாம். நீ அங்க எடுத்தப்பவே அம்மாவுக்கு வந்து சேந்துடுச்சு. நான் சொல்றேன், சேந்துடுச்சு. நீ வந்தமாரிதான். திரும்பி ரூமுக்குப் போ."

சாட்டில் இரங்கல் நின்றது. யாரோ ஒலியை வைத்திருக்க வேண்டும். 'அண்ணன் பேசுறாரு' என்று ஒருவர் போட்டார். 'நிலவா, நில்லுப்பா' என்று இன்னொருவர். சார்செல்லிலிருந்து அந்தச் சித்தி மகளும் போட்டார். அன்றைக்கு அவனைத் திட்டிய அதே உறவுக்காரர்கள் இப்போது வரிசையில் நின்று அவனைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். என் சேனல் ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை.

அப்போது அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரே வார்த்தை வந்தது.

'அப்பா.'

பெயரைப் பார்த்ததும் ஃபாதர் இஞ்ஞாசி, "வந்துட்டான்!" என்று பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு கத்தினார். அந்த மனிதர் கோவிலுக்குள் கத்தி யாரும் கேட்டதில்லை.

அடுத்தது வந்தது. நான் சத்தமாக வாசித்தேன். "'உள்ளே போகலப்பா. வாசல்லதான் நிக்கிறேன்.'"

லெயோன் அண்ணன் வாசக மேடையைப் பிடித்துக்கொண்டார். விக்ரம் போனில் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே அழுதான். வேலை முடிந்தது என்று நினைத்து நான் நிறுத்தப் போனேன். இன்னொன்று வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் பெரியது. வாசிக்க ஆரம்பித்தபோது அது எதைப் பற்றியது என்று எனக்குத் தெரியாது.

"'ஒண்ணு கேக்கணும்ப்பா. அம்மாவைக் குழியில இறக்கினப்ப கல்லறையில காத்துதான் கேட்டுது, வேற சத்தம் வரல. நீங்க குனிஞ்சி அம்மாகிட்ட ஏதோ சொன்னீங்க. வாய் அசையறது மட்டும் தெரியுது. நூறு தடவை பாத்துட்டேன், புரியல. என்னைத் திட்டினீங்களா?'"

அந்த நாளின் காற்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. மைக்கைத் துணியால் சுற்றியும் அடங்கவில்லை. அத்தனை நாளும் அந்தப் பையன் அதை உற்று உற்றுப் பார்த்து, தன்னைத் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

ஃபாதர் இஞ்ஞாசி என்னைப் பார்த்து, நிறுத்திவிடலாமா என்று கண்ணால் கேட்டார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். கேட்டவன் இந்தத் திரையில்தான் கேட்டான், பதிலும் இதில்தான் போக வேண்டும்.

"உன்னத் திட்டலடா" என்றார் லெயோன் அண்ணன். அந்தப் பெரிய குரல் எங்கேயோ போய்விட்டது. "பையன் வந்துக்கினு இருக்கான்னு சொன்னேன். 'மதலேன், கொஞ்சம் பொறுத்துக்கோ, புள்ள வழியில இருக்கான்'னு சொன்னேன். நாப்பது வருஷத்துல அவகிட்ட நான் பொய் சொன்னதில்ல. மூடுற நேரத்துல சொல்லிட்டேன். அந்த ஆத்திரந்தான்டா மொத்தமும் உம் மேல எறங்கிடுச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்தார்.

"கார்டு வந்ததும் கெளம்பி வா. வந்துடுவ இல்ல? வந்துட்டா நான் அவகிட்ட சொன்னது பொய் இல்ல."

சாட்டில் பதில் வரவில்லை. வாசக மேடை மேல் வைத்திருந்த அவர் போன் அடித்தது. திரையில் மகன் பெயர். அவர் இரண்டு கையாலும் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார், அந்த இடது காதில் அல்ல, இத்தனை நாள் கேமரா பார்க்காத வலது காதில். நான் நேரலையை நிறுத்தினேன்.